நுழைவுநிலை என்று ஒரு பொய்

1

தமிழ்நாட்டில் ‘நுழைவுநிலை’ என்ற சொல்லையும் ‘நாலு’ என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது குரூப் ஃபோர் தேர்வுதான். பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருந்தால் போதும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். 2024இல் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வேலை கிடைத்தது சில ஆயிரம் பேருக்கு. அது தனிச் சோகம். ஆனாலும் அந்த 20 லட்சம் பேரும் வந்து நிற்பதற்கு வாசல் என்று ஒன்று இருந்தது.

அதே 2024இல், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இன்னொரு ‘நாலு’ ஓடியது. ஃபார்முலா ஃபோர். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர் தடம், 19 வளைவுகள். ராத்திரியில் விளக்குப் போட்டு நகரத்துச் சாலையில் கார் விட்டார்கள். இந்தப் பந்தயத்துக்கும் ஓர் அடைமொழி உண்டு: நுழைவுநிலைப் பந்தயம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இது ஒற்றை இருக்கைக் கார். நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கோ-கார்ட் என்கிற சின்ன வண்டியில் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் அடுத்து ஏறுகிற முதல் ‘நிஜ’ ரேஸ் கார் இதுதான். 15 வயது ஆகியிருந்தால் ஓட்டலாம். இதற்கு மேலே ஃபார்முலா த்ரீ, அதற்கு மேலே டூ, உச்சியில் ஒன். ஃபார்முலா ஒன் ஓட்ட ‘சூப்பர் லைசென்ஸ்’ வேண்டும், அதற்கு 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டின் ஃபார்முலா ஃபோர் சாம்பியனுக்கு அதில் 12 புள்ளிகள் வரை கிடைக்கும். ஏணியின் முதல் படி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, இந்தப் படியில் கால் வைக்க எவ்வளவு ஆகும்?

நேரடியான பதில் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊரறிந்த ஒரு கணக்கு இருக்கிறது. 2023இல் பெண்களுக்கென்று எஃப்1 அகாடமி என்ற தொடரைத் தொடங்கினார்கள். ஓடுவது ஃபார்முலா ஃபோர் வகைக் கார்தான். பெண்கள் பணமில்லாமல் பின்தங்கிவிடக் கூடாது என்று ஃபார்முலா ஒன் நிறுவனமே ஒவ்வொரு காருக்கும் 1,50,000 யூரோ மானியம் கொடுத்தது. பெரிய மனசு. அதற்கு ஈடாக ஓட்டுகிற பெண்ணும் 1,50,000 யூரோ கொண்டுவர வேண்டும். அன்றைய மதிப்பில் ஒன்றே கால் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு சீசனுக்கு. மானியம் போக!

மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வொல்ஃப் சில ஆண்டுகளுக்கு முன் முழு ஏணிக்கும் கணக்குப் போட்டுச் சொன்னார். கார்ட்டிங்கில் தொடங்கி ஃபார்முலா ஒன் வாசல் வரை போய் உள்ளே ஓர் இடம் பிடிக்க மொத்தம் சுமார் 80 லட்சம் யூரோ. இதைச் சொன்னவர் வெளியே நின்று குறை சொல்கிற ஆள் இல்லை, அந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பவர்.

ஆக, ‘நுழைவுநிலை’ என்பது காருக்குப் போட்ட பெயர். அந்தக் காரைவிடச் சின்ன கார் ஏணியில் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மனிதர்கள் நுழைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போது நம் மனசு தானாக மனிதர்களைத்தான் நினைத்துக்கொள்கிறது. ‘ஆரம்ப நிலைதானே, நம்ம வீட்டுப் பிள்ளையும் ஆரம்பிக்கலாம் போல’ என்று. இந்த ஏமாற்றின் மேல்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. பொதுச் சாலையையும் பொதுப் பணத்தையும் கேட்கிற தைரியமும் அங்கிருந்துதான் வருகிறது.

2

சென்னைப் பந்தயத்தைச் சுற்றி நடந்த சண்டை நினைவிருக்கும். முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. நான்கைந்து நாள் முன்னால் மிக்ஜாம் புயல் வந்து சென்னையை முழுக்கடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது ரேஸ் டிராக்கா என்று ஜனங்களுக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பந்தயம் தள்ளிப்போனது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு, பக்கத்திலிருக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்குச் சத்தம் கேட்குமே என்ற கவலை, அரசு ஏன் கோடிக்கணக்கில் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வி, கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி.

அந்தச் சில மாதங்களில் இரண்டு குரல்களைத்தான் நாம் கேட்டோம்.

ஒன்று: “சென்னைக்குப் பெருமை. சிங்கப்பூர்ல நடக்குது, மொனாக்கோல நடக்குது, நம்ம ஊர்ல நடந்தா என்ன?” இன்னொன்று: “பணக்கார வீட்டுப் பசங்க வெளையாட்டுக்கு நம்ம வரிப் பணமா?”

முதல் குரலுக்கு நகரம் என்பது போஸ்ட் கார்டு. மேலேயிருந்து டிரோனில் எடுத்தால் மெரினாவும் விளக்கு வரிசையும் அழகாகத் தெரிய வேண்டும். அதோடு வேலை முடிந்தது. அந்தக் குரலோடு பேசுவதற்கு எனக்கு அதிகம் இல்லை.

இரண்டாவது குரல் நம்முடையது. இந்த மாதிரிப் பத்திரிகைகளை வாசிப்பவர்கள், கவிதையும் கதையும் எழுதுபவர்கள், அரசியல் பேசுபவர்கள். நம் கோபம் நியாயமானது. ஆனால் அது சோம்பேறித்தனமான கோபம். பணக்காரர்களின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டோம். அது ஏன் பணக்காரர்களின் விளையாட்டாக இருக்க வேண்டும், எப்போதும் அப்படித்தான் இருந்ததா, அப்படி ஆக்கியது யார் என்று கேட்கவே இல்லை. ‘உனக்கு இது இல்லை’ என்று வாசல்காவலன் சொல்வதை நாமும் சேர்ந்து சொல்லிவிட்டுப் புரட்சி பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டு தரப்பும் சாலையைப் பற்றிச் சண்டை போட்டன. சீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காருக்குள் உட்காரப் போவது யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு கட்டினார்கள், வியாசர்பாடியிலிருந்தோ உக்கடத்திலிருந்தோ ஒரு பிள்ளை அங்கே போக வழி உண்டா? இதைக் கேட்டிருந்தால் இரண்டு தரப்புக்குமே சங்கடமாக இருந்திருக்கும்.

3

இந்த இடத்தில் ரேஸ் ரசிகர்கள் குறுக்கே வருவார்கள். “உங்களுக்கு விஷயம் தெரியாது பிரதர். ஃபார்முலா ஃபோரில் எல்லாருக்கும் ஒரே கார். ஃபார்முலா ஒன் மாதிரி காசு இருக்கிற டீம் வேகமான கார் கட்ட முடியாது. இங்கே பேசுவது திறமை மட்டும்தான்.”

கார் ஒன்றுதான், உண்மை. இந்தியத் தொடரில் எல்லாரும் ஓட்டுவது பிரான்ஸின் மிகேல் நிறுவனம் செய்த சேஸி, அதில் ஆல்பைன் இன்ஜின். யாரும் கூடுதலாக எதையும் பூட்டிவிட முடியாது. ஆனால் ஒரே கார் என்றால் ஒரே போட்டி என்று ஆகிவிடாது. எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

இந்த விளையாட்டில் முன்னே இருப்பவனுக்கும் நடுவில் இருப்பவனுக்கும் வித்தியாசம் ஒரு சுற்றுக்கு அரை விநாடி இருக்கும். அந்த அரை விநாடி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பிரேக்கில். ஒரு வளைவுக்கு எவ்வளவு தூரத்துக்கு முன்னால் மிதிப்பது, எவ்வளவு அழுத்தத்தில் மிதிப்பது, எந்தப் புள்ளியில் காலை மெதுவாக எடுப்பது. புத்தகம் படித்து இது வராது. டயர் பிடியை இழக்கப் போகிற கணம் முதுகெலும்பில் தெரிய வேண்டும். அதற்கு ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு டிராக் வாடகை, டயர், பெட்ரோல், கூட இருக்கும் மெக்கானிக், கம்ப்யூட்டரில் தரவைப் பார்த்துத் தப்பு சொல்கிற என்ஜினியர் என்று எல்லாமே காசு. வசதி இருக்கிற பையன் ஜனவரி, பிப்ரவரியில் எமிரேட்ஸ் போய் அங்கே நடக்கும் ஃபார்முலா ஃபோர் தொடரில் ஓட்டிவிட்டு, பிறகு ஐரோப்பாவில் ஒரு சீசன் ஓட்டிவிட்டு வருவான். வசதி இல்லாதவன் முதல் ரவுண்டுக்கு நேராக வந்து இறங்குவான். இருவருக்கும் ஒரே கார்தான். பணம் காரை வேகமாக்கவில்லை, பையனை வேகமாக்கிவிட்டது.

இன்னொன்று, விபத்து. முன்பக்க இறக்கை உடைந்தால், சஸ்பென்ஷன் வளைந்தால் பில் வரும். அப்பா கட்டிவிடுவார் என்று தெரிந்தவன் இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைத்துப் பார்ப்பான். அடுத்த ரவுண்டுக்குக் காசு இருக்குமா என்று யோசிப்பவன் பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே மிதிப்பான். அந்தக் கொஞ்சம்தான் அரை விநாடி. பிறகு டைமிங் ஷீட்டைக் காட்டி “பாருங்க, திறமை பத்தல” என்பார்கள்.

உடனே லூயிஸ் ஹாமில்டன் கதை வரும். அப்பா பல வேலைகள் பார்த்து மகனை ஓட்ட வைத்தார். 1998இல், 13 வயதில், மெக்லாரன் அவரைத் தத்தெடுத்தது. எஸ்தபான் ஓகானின் பெற்றோர் வீட்டை விற்றுவிட்டு கேரவனில் குடியிருந்தார்கள். நல்ல கதைகள், கண்ணில் தண்ணீர் வரவைக்கும். ஆனால் வீட்டை விற்றால்தான் பிள்ளை விளையாட முடியும் என்பதை உற்சாகமூட்டும் கதையாகச் சொல்கிற உலகத்தை என்னவென்பது? நம் ஊரில் நகையை அடகு வைத்து என்ஜினியரிங் படிக்க வைத்த குடும்பங்களின் கதையையும் இப்படித்தான் பட்டிமன்ற மேடையில் கைதட்டலோடு சொல்வோம். அடகுக் கடையைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

மறுபக்கம் பாருங்கள். 2014இல் ஃபார்முலா ஃபோர் முதன்முதலாக இத்தாலியில் நடந்தபோது சாம்பியன் லான்ஸ் ஸ்ட்ரோல், ஒரு கோடீஸ்வரத் தொழிலதிபரின் மகன். அப்பா பிறகு ஃபார்முலா ஒன் அணி ஒன்றையே வாங்கினார். அடுத்த ஆண்டு பிரிட்டனில் சாம்பியன் லேண்டோ நோரிஸ், அவரும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளை. இவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நோரிஸ் ஓட்டுவதைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இவர்களோடு போட்டி போட்டிருக்க வேண்டிய எத்தனை பேர் அந்த டிராக்குக்கே வரவில்லை என்பதுதான் என் கேள்வி. வராதவர்களின் பெயர் எந்த டைமிங் ஷீட்டிலும் இருக்காது.

4

இந்த விளையாட்டு இயல்பிலேயே இப்படித்தான், கார் என்றால் காசு என்று சொல்பவர்களுக்குச் சரித்திரம் வேறு மாதிரிச் சொல்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் பெட்ரோலுக்கே ரேஷன். அப்போது சில பேர் 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினை ஒரு சின்ன காரில் வைத்து ரேஸ் ஓட்டினார்கள். சர்பிட்டனில் கராஜ் வைத்திருந்த கூப்பர் என்ற அப்பாவும் மகனும் அப்படிச் செய்த கார்களில்தான் ஸ்டர்லிங் மாஸ் போன்றவர்கள் வளர்ந்தார்கள். 1967இல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. சாதாரண ஃபோர்டு காரின் இன்ஜின், இறக்கை கிடையாது, சாலையில் ஓடுகிற டயர். கார் விலை 1,000 பவுண்டு என்பது இலக்கு. நைஜல் மான்செல், அயர்டன் சென்னா எல்லாம் அந்த வழியாக ஏறியவர்கள். இறக்கை இல்லாததால் அவர்கள் மட்டமான ஓட்டுநர்களாக ஆகிவிடவில்லை. காற்று அழுத்திப் பிடிக்காத காரை வெறும் கையாலும் காலாலும் கட்டுப்படுத்தப் பழகியதால்தான் அவ்வளவு நன்றாக ஓட்டினார்கள் என்று சொல்லும் ஆட்கள் இன்றும் உண்டு.

இந்த வரிசையில் நம் ஊர்ப் பெயரும் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர்.

கரிவர்தன் என்று ஒருவர். ஏழை எல்லாம் இல்லை, லட்சுமி மில்ஸ் குடும்பத்து வாரிசு. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓட்டியவர். அந்தச் சோழவரமும் மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார் இறக்கி ஓட்டிய இடம்தான். அதை ஏதோ சமத்துவக் களமாக நான் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் கரிவர்தன் 80களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தார். தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த மாருதி 800இன் இன்ஜினை எடுத்து, நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்த ஒற்றை இருக்கைக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி. உதிரி பாகம் வேண்டுமானால் கடைக்குப் போகலாம். உடைந்தால் உள்ளூர் வெல்டர் ஒட்டித் தருவார். இன்ஜின் மக்கர் பண்ணினால் பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கே அது அத்துப்படி.

இந்தியாவிலிருந்து இதுவரை ஃபார்முலா ஒன் ஓட்டியவர்கள் இரண்டே பேர். 2005இல் நரேன் கார்த்திகேயன், 2010இல் கருண் சந்தோக். ஒருவர் கோவை, இன்னொருவர் சென்னை. இரண்டு பேரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்கள். இரண்டு பேருமே ரேஸ் ஓட்டிய அப்பாக்களின் மகன்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஏறிய முதல் படி கோயம்புத்தூரில் செய்த படி.

கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தார்கள். அவர் தொடங்கிவைத்த மரபில் கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் கார்கள் இன்றும் தேசியப் போட்டிகளில் ஓடுகின்றன. அந்தக் காரின் பெயர் தெரியுமா? எல்ஜிபி ஃபார்முலா ஃபோர்!

ஒரே மாநிலத்தில் இரண்டு ஃபார்முலா ஃபோர். ஒன்று பிரான்ஸிலிருந்து வந்தது, அதற்கு சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் உண்டு, நகரத்துச் சாலை உண்டு, ராத்திரி விளக்கு உண்டு, அமைச்சர் கொடியசைப்பு உண்டு. இன்னொன்று கோவையில் செய்தது, அதற்குப் புள்ளியும் கிடையாது, சாலையும் கிடையாது. ஒன்றுக்குப் பட்டா இருக்கிறது, இன்னொன்று புறம்போக்கில் குடியிருக்கிறது. இரண்டில் எது உண்மையான நுழைவுநிலை என்று பத்தாங்கிளாஸ் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான்.

2023இல் நடந்த முதல் இந்திய ஃபார்முலா ஃபோர் சீசனின் சாம்பியன் கூப்பர் வெப்ஸ்டர், ஆஸ்திரேலியர். அதற்கு முன்பு 2018-19இல் எம்ஆர்எஃப் சேலஞ்ச் பட்டத்தை வென்றவர் ஜேமி சாட்விக் என்ற பிரிட்டிஷ் பெண், அதன் கடைசிச் சுற்று சென்னையில் நடந்தது. 2016-17இல் ஷூமாக்கரின் மகன் மிக் வந்து ஓட்டிவிட்டுப் போனார். வந்தவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சாட்விக் ஜெயித்ததைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் உலகத்துப் பிள்ளைகள் மிதித்து ஏறிப்போக நம் ஊர் ஒரு படியாக இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் படி இல்லை என்பது கொஞ்சம் விநோதமான விருந்தோம்பல்.

இத்தனைக்கும் இது என்ன ஊர்? இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் வந்தது 1990இல். அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. வருஷத்துக்குப் பல லட்சம் கார் அங்கே செய்கிறார்கள். டயர் கம்பெனிகள் இங்கே, உதிரி பாகக் கம்பெனிகள் இங்கே. கோவையில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு லேத். ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடு முழுவதிலிருந்தும் என்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காரைச் செய்கிற கை இருக்கிறது, அறிவு இருக்கிறது, டிராக் இருக்கிறது. செய்கிறவர்களின் பிள்ளைகள் காருக்குள் உட்கார மட்டும் வழி இல்லை. பிட் ஸ்டாப்பில் டயர் உருட்டலாம், டிராக் ஓரத்தில் கொடி பிடிக்கலாம், கேலரியில் உட்கார்ந்து விசிலடிக்கலாம்.

பெரும் தொழிலதிபர் வீட்டில் பிறக்காமல் ஃபார்முலா காரில் ஏறிய தமிழ்நாட்டு ஆள் யார் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஒன்றுதான்: அஜித். டூவீலர் மெக்கானிக் வேலை பழகிய ஆள். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா டூ என்று ஓட்டினார். ஆனால் அதற்கு அவர் முதலில் சூப்பர் ஸ்டார் அளவுக்கு வளர வேண்டியிருந்தது. நம் ஊரில் நுழைவுநிலைத் தகுதி அதுதான் போல.

5

இன்னொரு ஒப்பீடு. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதற்கும் அரசு கோடிக்கணக்கில் செலவு செய்தது. அதற்கும் விளம்பரம், பேனர், பாட்டு எல்லாம் உண்டு. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்தார்கள், ஞாபகம் இருக்கா? அதே பாலத்தைத் தொட்டுத்தான் இரண்டு வருஷம் கழித்து ரேஸ் தடம் போனது.

பாலத்தில் செஸ் கட்டத்தைப் பார்த்த ஒரு பிள்ளை, அன்றைக்குச் சாயங்காலம் இருநூறு ரூபாய்க்கு ஒரு போர்டு வாங்கி விளையாட ஆரம்பிக்கலாம். ஸ்கூலில் ஒரு டீச்சர் மனசு வைத்தால் கிளப் தொடங்கலாம். செஸ்ஸிலும் மேலே போகப் போகக் காசு வேண்டும்தான். குகேஷின் அப்பா தன் மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராக அலைந்தார். அங்கேயும் நியாயம் முழுமையாக இல்லை. ஆனால் முதல் படி தரையோடு தரையாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காலை வைக்கலாம்.

அதே பாலத்தில் ரேஸைப் பார்த்த பிள்ளை மறுநாள் காலையில் என்ன செய்யும்? எங்கே போகும்? யாரைக் கேட்கும்? மிஞ்சிப்போனால் மாலில் இருக்கும் கோ-கார்ட்டில் பத்து நிமிஷம் காசு கட்டிச் சுற்றிவிட்டு வரும். இல்லையென்றால், சொல்லவே பயமாக இருக்கிறது, அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி ஈசிஆருக்குப் போகும். ஆசையைத் தூண்டிவிட்டு வழியைக் கொடுக்காமல் விட்டால் அந்த ஆசை தானாக ஒரு வழி தேடும்.

‘பார்த்து ஊக்கம் பெறுவார்கள்’ என்ற வாதத்தின் லட்சணம் இதுதான். பார்க்க வைப்பது மட்டும் ஊக்கம் ஆகாது. கிரேட்டர் நொய்டாவில் புத்தா சர்க்யூட் கட்டி 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன்னே நடத்திப் பார்த்தோம். அதை நேரில் பார்த்து ஊக்கம் பெற்ற தலைமுறை எங்கே?

6

இனி, என் பக்கத்து நண்பர்கள் சொல்லக்கூடிய பதில்.

“ஒழியட்டும் விடுங்க. பெட்ரோலை எரிச்சு வட்டம் சுத்தறதுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து? ஸ்கூலுக்கு கக்கூஸ் கட்டுங்க.”

பள்ளிக்குக் கழிப்பறை கட்டத்தான் வேண்டும். அதை வேண்டாமென்று சொல்லும் எவனும் எனக்கு நண்பன் இல்லை. ஆனால் ஏழைப் பிள்ளைக்குக் கழிப்பறை, பணக்காரப் பிள்ளைக்கு வேகம் என்று நாமே பங்கு பிரித்துக் கொடுப்பது என்ன நியாயம்? வேகத்தின் மேல் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இன்ஜின் பேனட் மேல் உட்கார்ந்து, அவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வராத பையன் எங்கே இருக்கிறான்? தேவைகளை மட்டும்தான் ஏழைகள் கேட்கலாம், ஆசைகளைக் கேட்கக் கூடாது என்ற விதியை யார் போட்டது? இலக்கியம் வாசிக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கவிதையும்கூடத் தேவை இல்லைதான்.

ஆபத்து பற்றிச் சொல்வார்கள். அதில் நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. 2017இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர் பந்தயத்தில் பில்லி மாங்கர் என்ற 17 வயதுப் பையன் இரண்டு கால்களையும் இழந்தான். 2023இல் நம் சென்னை டிராக்கிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுப் பிள்ளை ஒன்று இறந்துபோனது. நுழைவுநிலை என்பது குழந்தைப் பருவம் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. வாசலைத் திறக்கச் சொல்பவன், உள்ளே வருகிற பிள்ளைக்கு நல்ல ஹெல்மெட், நல்ல தடுப்பு, பக்கத்திலேயே டாக்டர், சரியான வயது வரம்பு எல்லாவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். காசில்லாத பிள்ளை மட்டமான வண்டியில் ஏறி அடிபடுவது சமத்துவம் ஆகாது.

சரி, என்னதான் கேட்கிறாய் என்றால், நான்கே விஷயம்.

ஒன்று, சீட்டின் விலையை வெளியே எழுதிப் போடுங்கள். பொதுச் சாலையிலோ பொதுப் பணத்திலோ நடக்கிற எந்தத் தொடரும், ஓட்டுநர் ஒருவர் சீசனுக்கு எவ்வளவு கட்டுகிறார், யாருக்குச் சலுகை கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. ரேஷன் கடை வாசலில்கூட விலைப்பட்டியல் தொங்குகிறது.

இரண்டு, சாலையைக் கொடுக்கும் அரசு, சீட்டில் பங்கு கேட்க வேண்டும். மாவட்டவாரியாக கோ-கார்ட் தேர்வு நடத்தி எடுத்த பிள்ளைகளுக்கு, முழுச் செலவும் ஏற்கப்பட்ட இடங்கள் சில. பயிற்சி நாளும் விபத்துச் செலவும் அதில் அடக்கம். அது இல்லாவிட்டால் அந்தச் சீட்டு வெறும் போட்டோவுக்குத்தான். இது நடக்காத காரியம் இல்லை. டூவீலர் பந்தயத்தில் ஹோண்டாவும் டிவிஎஸ்ஸும் தேர்வு நடத்திப் புதுப் பையன்களை எடுத்து, கம்பெனி வண்டியைக் கொடுத்து ஓட வைக்கின்றன. கம்பெனிகளால் முடிவது அரசால் முடியாதா?

மூன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நீச்சல் குளம் கட்டுகிறது, ஹாக்கி மைதானம் போடுகிறது. கோவை, மதுரை, திருச்சி, ஓசூர் என்று நான்கு ஊரில் கார்ட்டிங் டிராக் போடட்டும். வண்டி ஆணையத்துடையது, கட்டணம் நீச்சல் குளத்துக்கு வாங்குகிற மாதிரி. புகை பிரச்சினை என்றால் பேட்டரி வண்டி வாங்கட்டும்.

நான்கு, கோவையில் செய்கிற காரைத் திரும்ப முதல் படியாக்க வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களை அணியின் மெக்கானிக்காகவும் என்ஜினியராகவும் சேர்த்துக்கொண்டு ஒரு மாநிலத் தொடர் நடத்தலாம். ஃபார்முலா ஒன் வரை யாராவது போவார்களா என்று தெரியாது. போகாவிட்டாலும் நஷ்டம் இல்லை. ஓர் இருபது வயதுப் பெண் சஸ்பென்ஷன் ஜியாமெட்ரியைக் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால் அந்த சீசன் ஜெயித்த மாதிரிதான்.

இதில் எதுவுமே புரட்சி இல்லை. ஒரு ராத்திரி நேர விளக்கு வரிசைக்கு ஆகிற காசில் எவ்வளவு ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பந்தயம் மறுபடியும் வரும். மறுபடியும் சாலையை அடைப்பார்கள், டிராஃபிக்கை மாற்றி விடுவார்கள், டிவியில் இரண்டு பேர் பெருமை என்பார்கள், இரண்டு பேர் வீண்செலவு என்பார்கள். அப்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சீட்டு எவ்வளவு, அதில் எங்களுக்கு எத்தனை?